கோர்டா, ருசியோனா?

தென் பிரான்சின் ப்ரொவான்ஸ் பகுதியில் குன்றின் மேல் ஊர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: கோர்ட், ருசியோன். இரண்டுக்கும் நடுவே சுமார் 10 கிலோமீட்டர்தான். கோர்ட் தள்ளி நின்று பார்க்க வேண்டிய ஊர். ருசியோன் உள்ளே இறங்கி நடக்க வேண்டிய ஊர். என் ஓட்டு ருசியோனுக்கு.

முதலில் கோர்ட். அதன் பேர்போன காட்சி ஊருக்குள் கிடைக்காது. ஊரை நெருங்கும் சாலையில், சற்று முன்பே வரும் ஒரு திருப்பத்தில் கிடைக்கும். வெளிறிய சுண்ணாம்புக்கல் வீடுகள் அடுக்கடுக்காக ஏறிப்போக, உச்சியில் 1525-ல் திருப்பிக் கட்டிய கோட்டை நிற்கும். காலை வெயில் பட்டால் குன்று முழுவதும் பொன்னிறம். 1944 ஆகஸ்டில் ஜெர்மன் படை பழிவாங்க வந்து இங்கே பல வீடுகளைத் தகர்த்தது. அதிலிருந்து மீண்ட ஊர் இது என்று தெரிந்தபின் அந்தச் சுவர்களைப் பார்க்கும் பார்வையே மாறிவிடுகிறது. ஆனால் உள்ளே போனால், கோடையில் கூட்டம் மூச்சு முட்டும்.

கோர்டின் பலம் அதன் அக்கம்பக்கம். போரி எனப்படும் கல் குடிசைகளைக் கட்டாயம் பாருங்கள். சாந்து துளியும் இல்லாமல், தட்டைக் கற்களை வரிசைக்கு வரிசை சற்று உள்ளே தள்ளி அடுக்கியே கூரை வரை மூடியிருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் 1148-ல் தொடங்கிய செனாங்க் மடாலயம் இருக்கிறது. அதன் முன்னால் லாவண்டர் பூத்திருப்பதைப் பார்க்க ஜூன் கடைசி முதல் ஜூலை நடுப்பகுதிக்குள் போக வேண்டும்.

சரி, ருசியோன். இங்கே எல்லாம் காவி. கோலத்துக்கு ஓரம் கட்டுகிறோமே, அந்தக் காவி மண்தான். பாறை, தரை, வீட்டுச் சுவர் என எங்கு பார்த்தாலும் மஞ்சளிலிருந்து கருஞ்சிவப்பு வரை அத்தனை சாயலும் உண்டு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மணல், கடல் விலகியபின் மழையில் ஊறி ஊறி, அதிலிருந்த இரும்பால் நிறம் ஏறியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அதை வெட்டி எடுத்துச் சாயமாக்கி விற்றார்கள். ஊருக்கு வெளியே பழைய காவி ஆலையில் அந்த வேலையைச் சொல்லிக் காட்டுகிறார்கள். வெட்டிய மண்ணைத் தண்ணீரில் கலக்கி ஓடவிட்டால் மணல் கீழே தங்கிவிடும்; காவி மட்டும் கலங்கலோடு தொட்டிக்குப் போய்ச் சேரும். தெளிந்ததும் நீரை வடித்து, காயவைத்து, கட்டிகளாக வெட்டுவார்கள். மஞ்சள் காவியைச் சூளையில் சுட்டால் சிவப்பாகிவிடும். இதைக் கேட்டுவிட்டு ஊருக்குள் திரும்பினால் ஒவ்வொரு சுவரும் புதிதாகத் தெரியும்.

பழைய சுரங்க வெட்டுக்குள்ளேயே நடைபாதை போட்டிருக்கிறார்கள். நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் போதும். நாஜிகளிடமிருந்து தப்பிய எழுத்தாளர் சாமுவேல் பெக்கெட் 1942-ல் இந்த ஊரில்தான் அடைக்கலம் புகுந்து, விவசாயிகளிடம் வேலை செய்து போர்க்காலத்தைக் கழித்தார்.

மேற்கே இருக்கும் லே போ பற்றியும் கேட்பார்கள். அலுமினியம் எடுக்கும் தாதுவான பாக்சைட்டுக்குப் பெயர் தந்த ஊர் அதுதான். 1821-ல் அங்கே அந்தத் தாதுவைக் கண்டறிந்தார்கள். உடைந்த கோட்டை பிரமாதம். ஆனால் அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இந்த இரண்டோடு சேர்த்து ஓடாதீர்கள்.

பேருந்து குறைவு, வாடகைக் கார்தான் வசதி. செவ்வாய்க்கிழமை கோர்டில் சந்தை, வியாழக்கிழமை ருசியோனில். காரிலேயே போவதானால் காலையில் கோர்டின் அந்தத் திருப்பத்தில் கால் மணி நேரம் நின்றுவிட்டு, மாலை வெயிலுக்கு ருசியோன் போய்விடுங்கள். அப்புறம், வெள்ளைச் செருப்பு மட்டும் வேண்டாம். காவி ஒட்டினால் லேசில் போகாது.