மான் தொடாத செடி வேணும்னா இந்த நர்சரியில போய்க் கேளுங்க (5க்கு 4.5)

அமெரிக்காவுல, சென்ட்ரல் நியூ ஜெர்சியில வீடு வாங்கி மூணு வருஷம் ஆச்சு, பின்னாடியே காடு, சாயங்காலம் ஆனா ஆறேழு மான் வந்து நிக்கும், மொதல்ல பாக்கவே அவ்ளோ ஆசையா இருந்துச்சு. அப்புறம் வேற ஒரு பெரிய கடையில ஹோஸ்டாவும் (பெரிய இலைச் செடி) எமரால்ட் க்ரீன் அர்போர்விட்டேவும் (வேலி மாதிரி வைக்கற, எப்பவும் பச்சையா இருக்கற மரம்) வாங்கி வச்சேன், மான் வருமேன்னு கேட்டதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஹோஸ்டா ஒரே ராத்திரியில வெறும் தண்டு. அர்போர்விட்டே குளிர்காலத்துல போச்சு, மான் வாய் எட்டுற வரைக்கும் மொட்டை, மேல மட்டும் பச்சை, அந்த மொட்டையான இடம் திரும்பத் துளிர்க்கவே இல்ல. நெஜமாவே அழுகை வந்துச்சு.

அடுத்த ஏப்ரல்ல இந்த நர்சரிக்குப் போனேன். இங்க இருக்கற வயசான அம்மா செடியக் காட்டறதுக்கு முன்னாடி தின்னது மானா முயலான்னு கேட்டாங்க. போன்ல போட்டோ காட்டுனேன். மானுக்கு மேல் முன்பல் கிடையாது, அதனால பிச்சு இழுத்த மாதிரி நார் நாரா இருக்கும், முயல் கடிச்சா கத்தியால சாய்ச்சு வெட்டுன மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. எங்களது மான்தான். அப்புறம் ரட்கர்ஸ் யுனிவர்சிட்டியோட லிஸ்ட் (நம்பர் ஈ271) பிரின்ட் ஒண்ணு எடுத்தாங்க, அதுல செடிங்களை நாலு கிரேடா பிரிச்சிருக்காங்க, அபூர்வமா கடிபடறதுல இருந்து அடிக்கடி மோசமா கடிபடறது வரைக்கும். வாசல் பக்கம் முதல் கிரேடு மட்டும் வைங்க, ஆனா பசி எடுத்தா மான் எதையும் தின்னும், தொடவே தொடாதுன்னு எந்தச் செடிக்கும் நான் கேரண்டி தர மாட்டேன்னு நேராவே சொல்லிட்டாங்க. எனக்கு அங்கயே நம்பிக்கை வந்துடுச்சு.

கேட்மின்ட், ரஷ்யன் சேஜ், லாவெண்டர், லாம்ப்ஸ் இயர், படிக்கட்டு பக்கம் பாக்ஸ்வுட் வாங்குனேன். வாசனை தூக்கலா இருக்கறது, இலை புசுபுசுன்னு இருக்கறது, விஷம் இருக்கறது, இதெல்லாம் மானுக்குப் பிடிக்காது, அவ்ளோதான் கணக்கு. சிவப்பா அழகா இருக்கேன்னு ஜாப்பனீஸ் பார்பெரி கேட்டேன், தர முடியாதுன்னுட்டாங்க. மான் தொடாதுதான், ஆனா காட்டுக்குள்ள பரவி மத்த செடிய வளர விடாதாம், அந்தப் புதர்ல உண்ணியும் சேருமாம். வர்ற காசை வேணாம்னு சொல்ற கடை எத்தனை இருக்கு சொல்லுங்க.

அக்டோபர்ல டாஃபடில் பூச்செடிக் கிழங்கு வாங்கப் போனப்ப, வீட்ல யாரு யாரு இருக்கீங்கன்னு கேட்டாங்க. அத்தை ஊர்ல இருந்து வந்திருக்காங்கன்னு சொன்னதும் கிழங்கு போட்ட பை மேல மார்க்கர்ல பெருசா ‘இது சாப்பாடு இல்ல’ன்னு எழுதிக் கொடுத்தாங்க. கிழங்கு பாக்க அப்படியே வெங்காயம், ஆனா விஷம். நான் அதைத் தமிழ்லயும் எழுதி கராஜ்ல உயரத்துல வச்சேன். சின்னக் குழந்தை இருக்கற வீட்ல ஃபாக்ஸ்க்ளவ், ஹெல்லபோர் மாதிரி விஷச் செடி வைக்கறதா இருந்தாலும் இதே ஜாக்கிரதை வேணும்.

ரெண்டு குளிர்காலம் தாண்டிடுச்சு. கேட்மின்ட்ல ஒரு கடி இல்ல, பாக்ஸ்வுட் அப்படியே இருக்கு, டாஃபடில் ஸ்நோ கரைஞ்சதும் வந்துடுது. லாவெண்டர்ல ரெண்டு செத்துப் போச்சு, அது மானால இல்ல, எங்க களிமண்ல தண்ணி தேங்குனதால. அவரைக்கும் தக்காளிக்கும் செடிய மாத்தி பிரயோஜனம் இல்ல, எட்டடி வேலி போடுங்கன்னாங்க, போட்டுட்டோம்.

அரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, விலை பெரிய கடைய விட கொஞ்சம் ஜாஸ்தி, லிஸ்ட்ல இருக்கற கிரேடை தொட்டி டேக்லயும் போட்டா கேக்கத் தயங்கறவங்களுக்கு உதவியா இருக்கும். சனிக்கிழமை பார்க்கிங் கிடைக்காது, வெள்ளிக்கிழமை மத்தியானம் போங்க, அந்த அம்மா நின்னு பேச நேரம் இருக்கும்.