டிவிஆர் சூடு: கதவைத் திறப்பதா, கூலிங் பேட் வைப்பதா, ரேக் வாங்குவதா?

போன மே மாதம், கத்திரி உச்சத்தில் இருந்த ஒரு நாள். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரை யாரோ உரசிவிட்டுப் போயிருந்தார்கள். இண்டிகேட்டர் உடைந்து ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது. "அதான் கேமரா இருக்கே, போட்டுப் பாருங்களேன்" என்றார் எதிர்வீட்டு அண்ணன். போட்டுப் பார்த்தேன். காலையிலிருந்து மதியம் 1:10 வரை பதிவு இருந்தது. அதற்கப்புறம் 3:40 வரை ஒன்றுமே இல்லை. முந்தின நாள் மதியமும் அப்படியே, அதற்கு முந்தின நாளும் அப்படியே.

கேமரா மாட்டிக் கொடுத்த தம்பி வந்து பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். போன டிஸ்க் ராத்திரி மட்டும் எப்படி ஒழுங்காக ஓடும்? அவர் கிளம்பிய பிறகு, கேமரா படங்களை ஹார்ட் டிஸ்க்கில் பதிந்துவைக்கும் பெட்டியான டிவிஆரின் மேல் கையை வைத்தேன். ஐந்து விநாடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை.

வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்களுடையது மாடி வீடு, மேலே வெறும் கான்கிரீட் தளம். டிவி அலமாரியின் கீழ்த்தட்டில், கதவு போட்ட அறையில் டிவிஆர் இருந்தது. அதன் முதுகில் வைஃபை ரூட்டர். பக்கத்தில் கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி. மிச்ச இடத்தில் செட்டாப் பாக்ஸ். தூசி படாமல், கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று நான்தான் அங்கே வைக்கச் சொன்னேன்.

அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு வழியாக முயன்று பார்த்தேன். எது காசுக்கு உகந்தது, எது வீண் என்பதை எழுதிவைக்கிறேன்.

எத்தனை டிகிரி வரை பரவாயில்லை?

பெரும்பாலான டிவிஆர்களின் விவரத் தாளில் இயங்கும் வெப்பநிலை மைனஸ் 10 முதல் 55 டிகிரி வரை என்று போட்டிருக்கும். நம் ஊரில் 55 எங்கே வருகிறது என்று நானும் நினைத்தேன். அது ஹாலின் வெப்பநிலை இல்லை, பெட்டியைச் சுற்றியிருக்கும் காற்றின் வெப்பநிலை. ஹாலில் 36 இருக்கும்போது மூடிய அலமாரிக்குள் 45-ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

ஹார்ட் டிஸ்க்கின் கணக்கு வேறு. கண்காணிப்புக்கென்றே வரும் டபிள்யூடி பர்ப்பிள் போன்ற டிஸ்க்குகளுக்கு 65 டிகிரி வரை அனுமதி உண்டு. டிஸ்க் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்கத் தெர்மாமீட்டர் எதுவும் வாங்க வேண்டாம். டிவிஆர் மெனுவில் பராமரிப்புப் பகுதிக்குள் ஹார்ட் டிஸ்க் என்று தேடிப் போனால் ஸ்மார்ட் என்றொரு பக்கம் இருக்கும். டிஸ்க்கின் வெப்பநிலை, எத்தனை நாள் ஓடியிருக்கிறது, எத்தனை கெட்ட செக்டர் (டிஸ்க்கில் பழுதான பகுதி) என்று எல்லாம் அதில் தெரியும். மதியம் 2 மணிக்கு ஒருமுறையும் விடிகாலையில் ஒருமுறையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு மதியம் 59 காட்டியது.

சூடு என்றதும் ரொம்பவும் பதறத் தேவையில்லை. கூகுள் நிறுவனம் தன்னுடைய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், நடுத்தர வெப்பநிலைகளில் சூட்டுக்கும் டிஸ்க் சாவதற்கும் பெரிய தொடர்பு தெரியவில்லை. மிக அதிகச் சூட்டில்தான், அதுவும் மூன்று வருடத்தைத் தாண்டிய டிஸ்க்குகளில்தான், பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. அதனால் 42-ஐ 35-க்குக் கொண்டுவர யாரும் செலவு செய்ய வேண்டாம். 59-ஐ 50-க்குக் கீழே இறக்கச் செலவு செய்யலாம். டிஸ்க்கை விட எனக்குக் கவலை போர்டில் இருக்கும் மின்தேக்கிகளைப் பற்றித்தான். பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்கள் போடும் தோராயக் கணக்கு.

பைசா செலவில்லாத வழி

முதல் வேலையாக ரூட்டரை டிவிஆரின் முதுகிலிருந்து இறக்கினேன். எஸ்எம்பிஎஸ் பெட்டியை அலமாரிக்கு வெளியே சுவரில் மாட்டினேன். கதவைத் திறந்து வைத்தேன். 59 என்பது 52 ஆனது. டிவிஆரை அலமாரியிலிருந்தே வெளியே எடுத்து, மேலே திறந்த தட்டில் வைத்ததும் 47.

அடுத்து செய்த சின்ன வேலை எனக்கே ஆச்சரியம் தந்தது. இந்தப் பெட்டிகளில் ஹார்ட் டிஸ்க்கைப் பெரும்பாலும் அடித்தகட்டில்தான் நான்கு திருகு போட்டு முடுக்கியிருப்பார்கள். டிஸ்க்கின் சூடு நேராக அந்தத் தகட்டுக்கு இறங்குகிறது. தகடோ பலகையிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில்கூட இல்லை, அடியில் இருக்கும் ரப்பர் கால்கள் அத்தனை குட்டை. நான்கு தண்ணீர் பாட்டில் மூடிகளைக் கவிழ்த்து, கால்களுக்குக் கீழே வைத்துத் தூக்கிவிட்டேன். இன்னும் ஒரு டிகிரி இறங்கி 46 ஆனது. சும்மா கிடைத்த ஒரு டிகிரி.

இந்த வழிக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு, ஆனால் பெரிய குறை. திறந்த இடத்தில் இருக்கும் டிவிஆர் திருடன் கண்ணிலும் படும். வீட்டுக்குள் வந்தவன் பீரோவைத் தொடுவதற்கு முன் டிவிஆரைப் பிடுங்கிக்கொண்டு போனால் கேமரா வைத்ததற்கே அர்த்தம் இல்லை. அதற்காகத்தான் பலரும் பரணிலும் பீரோவுக்குள்ளும் வைக்கிறார்கள். மாடி வீட்டுப் பரண் வேண்டவே வேண்டாம். சூடான காற்று மேலே போய்த் தங்குகிற இடம் அது, தளத்தின் சூடும் அங்கேதான் இறங்குகிறது. மேற்குச் சுவரும் வேண்டாம். கீழ்த்தளத்தில் வெயில் படாத உள்ளறை இருந்தால் அங்கே வைத்துவிட்டு, மேற்கொண்டு படிக்காமல் போகலாம்.

லேப்டாப் கூலிங் பேடா, 120 மி.மீ. ஃபேனா?

டிவிஆருக்கு லேப்டாப் கூலிங் பேட் வைப்பதைக் கேலி செய்பவர்கள் உண்டு. மேலே சொன்ன அடித்தகட்டுக் கதையை யோசித்தால் அது அத்தனை மோசமான யோசனை இல்லை என்று புரியும். சூடு இருப்பது அடியில், பேட் ஊதுவதும் அடியில். திறந்த தட்டில் பேடோடு வைத்தபோது 46 என்பது 41 ஆனது. சில நூறு ரூபாய்தான், ஆணி அடிக்க வேண்டாம், அலமாரியை அறுக்க வேண்டாம்.

அதே பேடை, அதே டிவிஆரைப் பழையபடி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பார்த்தேன். 57. வெறும் இரண்டு டிகிரிதான் குறைந்தது. மூடிய பெட்டிக்குள் சுற்றும் ஃபேன் சுடுகாற்றைக் கரண்டி போட்டுக் கிளறுகிறதே தவிர வெளியே தள்ளுவதில்லை. ஃபேன் வாங்கப் போகிறவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: உள்ளே இருக்கிற காற்று போக வழி இருக்கிறதா, வெளிக்காற்று வர வழி இருக்கிறதா.

அலமாரிக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன்தான் சரி. பின்பக்கப் பிளைவுட்டில், மேல் மூலையில் ஓட்டை போட்டு, காற்றை வெளியே தள்ளும்படி மாட்ட வேண்டும். ஃபேனின் நான்கு திருகு ஓட்டைகளுக்கு இடையே 105 மி.மீ. இடைவெளி இருக்கும். ஆசாரியிடம் இந்த அளவைச் சொல்லிவிட்டால் போதும். எதிர்மூலையில், கீழே, உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு திறப்பு கட்டாயம் வேண்டும். எங்கள் ஆசாரி மேலே அழகாக வட்டம் வெட்டிவிட்டு, கீழே வெட்ட மறுத்தார். "எதுக்கு சார் அலமாரியைச் சல்லடையாக்கறீங்க?" என்றார். கீழ்த்திறப்பு இல்லாமல் ஃபேனை ஓடவிட்டேன். கதவு இடுக்கில் மெல்லிய விசில் சத்தம் வந்தது. அவரே சிரித்துக்கொண்டு கீழேயும் வெட்டிக் கொடுத்தார்.

எவ்வளவு காற்று தேவை என்று ஒரு கணக்கு. டிவிஆர், ரூட்டர், செட்டாப் பாக்ஸ், எஸ்எம்பிஎஸ் எல்லாம் சேர்ந்து சுமார் 35 வாட் சூடு என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றை விட 5 டிகிரிக்கு மேல் கூடாமல் இருக்க நிமிடத்துக்கு 12 கன அடி காற்று வெளியேறினால் போதும். 120 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில் 40 கன அடிக்கு மேல் தள்ளும். அதனால் 12 வோல்ட் ஃபேனை பழைய போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டினாலே வேலை முடிந்தது, பக்கத்தில் காதை வைத்தால்தான் சத்தம் கேட்கும். சில ஃபேன்கள் 5 வோல்ட்டில் கிளம்பாமல் துடித்துக்கொண்டு நிற்கும். கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

கரண்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. டிவிஆரின் யூஎஸ்பி ஓட்டை மவுஸுக்கும் பென்டிரைவுக்கும் உரியது, அதில் ஃபேனைத் தொங்கவிட வேண்டாம். கேமரா எஸ்எம்பிஎஸ்ஸில் காலியாக ஒரு முனை இருந்தால் 12 வோல்ட் எடுக்கலாம்தான். படத்தில் கோடு ஓட ஆரம்பித்தால் உடனே கழற்றிவிட்டுத் தனி சார்ஜருக்கு மாறுங்கள்.

கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு டபிள்யூ1209 என்ற சின்ன வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று உண்டு. சென்னை ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் உதிரிபாகம் விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். 12 வோல்ட்டில் ஓடும். சென்சாரை டிவிஆரின் மேல் ஒட்டி, 42 டிகிரியில் ஃபேன் ஓடட்டும், 38-இல் நிற்கட்டும் என்று வைத்துவிடலாம். மார்கழியில் ஃபேன் சும்மா ஓடித் தூசி இழுக்காது.

டிவிஆர் ரேக்

கேமரா கடைகளில் சுவரில் மாட்டும் இரும்பு ரேக் ஒன்றைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். பூட்டு உண்டு, மேலே ஃபேன் உண்டு, ஒயரெல்லாம் உள்ளே அடங்கிவிடும். பார்க்கப் பாந்தமாகவும் இருக்கும். திருட்டுப் பயம்தான் பெரிது என்றால் இதுதான் என் தேர்வு. சூட்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம். பெட்டி சின்னது, இரும்பு, அதற்குள்ளேயே எஸ்எம்பிஎஸ்ஸையும் திணித்துவிடுவார்கள். ஃபேன் நின்றுபோனால் என் பழைய அலமாரியை விட மோசம். கூடவே வரும் 230 வோல்ட் ஃபேன் மலிவு ரகமாக இருந்தால் புஷ் தேய்ந்து ஒரு வருடத்துக்குள் கரகரக்கும். வாங்கினால் பால் பேரிங் ஃபேன் போட்டுத் தரச் சொல்லுங்கள், எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே மாட்டச் சொல்லுங்கள், தலை உயரத்துக்கு மேலே மாட்ட விடாதீர்கள்.

பெட்டிக்குள் கை வைப்பது

ஃபேன் இல்லாத சின்ன டிவிஆரின் மூடியில் டிரில் போட்டு 40 மி.மீ. ஃபேன் பொருத்துவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. இரும்புத் துகள் ஒன்று போர்டில் விழுந்தால் போதும், மிச்சம் கையில் இருப்பது வெறும் தகரப் பெட்டி. வாரண்டியும் போகும். ஏற்கெனவே ஃபேனோடு வந்த 8, 16 சேனல் (அத்தனை கேமரா இணைக்கும்) பெட்டிகளில் அது விசிலடிக்க ஆரம்பித்தால் அதே அளவில், அதே தடிமனில் மாற்றலாம். அவ்வளவுதான்.

சூட்டைத் தள்ளுவதை விட, சூடே உண்டாகாமல் பார்ப்பது நல்லதில்லையா? அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று டிஸ்க். பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய 7200 ஆர்பிஎம் டிஸ்க்கை டிவிஆரில் போட்டிருந்தால் அது 6, 7 வாட் இழுக்கும். கண்காணிப்பு ரக டிஸ்க் சுமார் 4 வாட்டில் முடித்துக்கொள்ளும். இன்னொன்று நெட்வொர்க் ஒயரில் இணையும் ஐபி கேமரா வைத்திருப்பவர்களுக்கு. அவற்றுக்கான பதிவுப் பெட்டிக்கு என்விஆர் என்று பெயர். என்விஆருக்குள்ளேயே பிஓஇ போர்ட் (நெட்வொர்க் ஒயரிலேயே கரண்ட்டும் கொடுக்கும் முனை) இருந்தால் கேமராக்களுக்கான கரண்ட் எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. தனி பிஓஇ ஸ்விட்ச் வைத்து அதை வேறு இடத்துக்கு மாற்றினால் என்விஆர் நன்றாகவே குளிரும்.

ஏசி அறையில் வைக்கலாமே என்பவர்களுக்கு: பகலில் ஏசி ஓடுகிற வீடு எத்தனை? டிவிஆருக்குச் சூடு ஏறுவது மதியம், நம் ஏசி ஓடுவது ராத்திரி.

எந்த வழியானாலும் காற்று உள்ளே வரும் திறப்புக்குக் கொசுவலைத் துண்டு ஒன்று ஒட்டிவிடுங்கள். வெதுவெதுப்பான இடம் என்றால் பல்லிக்குக் கொண்டாட்டம். எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றியபோது உள்ளே இரண்டு முட்டை ஓடுகள் கிடந்தன. வலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். அப்படியே மெனுவில், ஹார்ட் டிஸ்க் கோளாறுக்கு பீப் அடிக்கும் வசதி ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் வீட்டில் அது தொந்தரவு என்று மாட்டும்போதே அணைத்துவைத்திருந்தார்கள். இல்லையென்றால் முதல் நாள் மதியமே கத்தியிருக்கும்.

நான் கடைசியில் நின்றது அலமாரியில், 120 மி.மீ. ஃபேனோடு. திருட்டுப் பயம் இல்லாவிட்டால் திறந்த தட்டும் கூலிங் பேடுமே போதும் என்று விட்டிருப்பேன். மதியம் 2 மணிக்கு 44, 45 காட்டுகிறது. "போச்சு" என்று தம்பி சொன்ன அதே ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் ஓடுகிறது. ஸ்மார்ட் பக்கத்தில் கெட்ட செக்டர் எட்டு என்று இருந்தது, இன்றைக்கும் எட்டுதான்.