ஞாயிறு பிரசங்கமா, வீட்டு ஜெபக்கூட்டமா?

வேத வசனம் அன்றாட வாழ்க்கைக்குள் இறங்க, வடசென்னை சபைகளுக்கு எது கூடுதலாக உதவும்? என் ஓட்டு வீட்டுக் கூட்டத்துக்கு.

பிரசங்கம் தேவையில்லை என்றல்ல. படைப்பு, பாவம், மீட்பு என்று ஒழுங்காகப் போதிக்க மேடைதான் சரி. ஆனால் அங்கே யாரும் குறுக்கே கேள்வி கேட்க முடியாது.

மீனவர்கள் வாழும் காசிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கையில் காசு இல்லாமல் வட்டிக்கு வாங்குவார்கள். கொடுப்பவரும் சில சமயம் அதே சபை விசுவாசிதான். ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிற யாத்திராகமம் 22:25-ஐ வீட்டுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து வாசித்தால், "அப்போ நான் வட்டிக்கு விடுறது தப்பா, பாஸ்டர்?" என்று ஒரு அக்கா நேராகவே கேட்பார். மீன் விற்பவர், கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்கிற நீதிமொழிகள் 11:1-ஐப் படித்துவிட்டுத் தன் தராசைப் பற்றிப் பேசுவார்.

ஆபத்தும் உண்டு. வீட்டு விஷயம் தெருவுக்குப் போகலாம். நடத்துபவரின் சொந்தக் கருத்தே வசனமாகிவிடலாம். அதனால் ஞாயிறன்று போதகர் பேசிய பகுதியையே அந்த வாரம் வீடுகளிலும் எடுக்கட்டும். அப்புறம், நேரத்தை ஹார்பர் வேலை முடிந்து வருபவர்களைக் கேட்டு வையுங்கள்.