ஒகுலார்: பிரிண்டர் பட்டியல் காலியாக வந்தால் எங்கே பார்ப்பது

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பிடிஎஃப் படிக்க எதைப் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் யோசிக்காமல் சொல்வது ஒகுலார். ஆனால் போட்டுக்கொடுத்த இடங்களிலிருந்து வரும் புகாரும் பெரும்பாலும் ஒன்றேதான்: ஃபைல் அழகாகத் திறக்கிறது, பிரிண்ட் கொடுத்தால் மட்டும் பிரிண்டரையே காட்ட மாட்டேன் என்கிறது, பிரிண்ட் டு ஃபைல் பிடிஎஃப் என்ற ஒரே வரிதான் வருகிறது. உடனே "இந்த சாஃப்ட்வேர் சரியில்லை" என்று தூக்கிப்போட்டுவிடுகிறார்கள். அது ஒகுலாருக்குச் செய்யும் அநியாயம் என்று நினைக்கிறேன். அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் பிரிண்டர் விஷயம்தான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேடிஇ திட்டத்தின் இலவச, திறமூல நிரல் இது. பழைய கேபிடிஎஃப் நிரலின் வாரிசாக 2005-ல் வேலை தொடங்கியது. பிடிஎஃப் மட்டுமல்ல, இபப், டிஜேவியூ, போஸ்ட்ஸ்கிரிப்ட், காமிக்ஸ் ஃபைல்கள் எல்லாம் திறக்கும். மஞ்சள் கோடு போடலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம், படிவம் நிரப்பலாம். 2022-ல் ஜெர்மனியின் புளூ ஏஞ்சல் சுற்றுச்சூழல் முத்திரையை முதன்முதலாக வாங்கிய மென்பொருள் இதுதான். பழைய கணினியிலும் திணறாமல் ஓடுகிறது.

சரி, பிரிண்டர். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, ஒகுலார் பிரிண்டரைத் தேடுவதே இல்லை. பிரிண்ட் கொடுத்ததும் வரும் அந்தப் பெட்டி க்யூடி என்ற நிரல் நூலகத்துடையது (பல நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஆயத்தப் பாகங்களின் தொகுப்பு). அது கப்ஸ் என்ற அச்சுச் சேவையிடம் "உன்னிடம் யார் யார் இருக்கிறார்கள்" என்று கேட்டு, வந்த பெயர்களை வரிசையாகக் காட்டும், அவ்வளவுதான். கப்ஸ் முதலில் வெளிவந்தது 1999-ல், 2007-ல் ஆப்பிள் அதை வாங்கியது, இப்போது லினக்ஸ் பக்கம் அதை வளர்ப்பது ஓப்பன்பிரிண்டிங் குழு. ஆக பட்டியல் காலியாக இருந்தால் கப்ஸுக்கே பிரிண்டர் தெரியவில்லை, இல்லையென்றால் கப்ஸுக்கும் ஒகுலாருக்கும் நடுவே கதவு சாத்தியிருக்கிறது. இந்த இரண்டில் எது என்று பார்க்காமல் ஒகுலாரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதில் ஒரு பயனும் இல்லை, அப்படிச் செய்து ஒரு மதியத்தையே தொலைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எது என்று கண்டுபிடிக்க சுலபமான வழி: பிரவுசரைத் திறந்து முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு முக்காற்புள்ளி, அடுத்து 631. கப்ஸின் சொந்தப் பக்கம் வரும். வரவே இல்லை என்றால் அந்தச் சேவை ஓடவில்லை, அதைத் தொடங்கினாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். பக்கம் வந்தால் மேலே பிரிண்டர்ஸ் என்று இருப்பதை அழுத்துங்கள். அங்கே உங்கள் பிரிண்டர் இருந்து, ஒகுலாரில் மட்டும் இல்லை என்றால் பிரச்சினை மேல் பக்கம், அதாவது கப்ஸுக்கும் ஒகுலாருக்கும் நடுவே. அங்கேயே இல்லை என்றால் கீழ்ப் பக்கம், அதாவது கப்ஸுக்கும் பிரிண்டருக்கும் நடுவே. லிப்ரேஆபீஸில் பிரிண்ட் கொடுத்துப் பார்ப்பதும் இதே பதிலைத் தரும்.

மேல் பக்கம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது, ஒகுலார் எந்த வழியில் வந்தது என்பதைத்தான். டிஸ்ட்ரோவின் (உபுண்டு மாதிரி நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகையின்) சொந்த மென்பொருள் களஞ்சியத்திலிருந்து போட்டிருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. ஃபிளாட்பேக், ஸ்னாப் என்ற தனிப் பொதிகளில் ஒன்றாகப் போட்டிருந்தால் நிரல் ஒரு மூடிய அறைக்குள் ஓடுகிறது, வெளியே எதைத் தொடலாம் என்பதற்குத் தனித்தனியாக அனுமதி வேண்டும். ஃபிளாட்பேக் என்றால் ஃபிளாட்சீல் என்ற சின்ன நிரலைப் போட்டு, அதில் ஒகுலாரைத் தேர்ந்தெடுத்து, சாக்கெட் பகுதியில் பிரிண்டிங் சிஸ்டம் என்ற பொத்தான் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்னாப் என்றால் கப்ஸ் இணைப்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாற்றியதும் ஒகுலாரை முழுதாக மூடித் திறங்கள். தினமும் பிரிண்ட் எடுக்கிற கணினி என்றால் இந்த அனுமதி விளையாட்டே வேண்டாம், களஞ்சியப் பதிப்பையே போடுங்கள் என்பேன். இரண்டு மாதம் பழைய பதிப்பாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கீழ்ப் பக்கம் என்றால் கொஞ்சம் பொறுமை வேண்டும். யுஎஸ்பி பிரிண்டர் என்றால் டெர்மினலில் எல்பிஇன்ஃபோ கட்டளையை வி விருப்பத்தோடு (lpinfo -v) ஓட்டுங்கள், கப்ஸின் கண்ணுக்குத் தெரிகிற சாதனங்களை அது காட்டும். அதிலும் இல்லை என்றால் கேபிளைப் பாருங்கள், கணினிக்குப் பின்னால் உள்ள வேறொரு துளையில் நேராகக் குத்திப் பாருங்கள். சாதனம் தெரிகிறது, ஆனால் வரிசை (கப்ஸில் அந்த பிரிண்டருக்கென்று இருக்கும் பதிவு) உருவாகவில்லை என்றால் டிரைவர் கேள்வி. புதிய பிரிண்டர்கள் பலவற்றுக்கு டிரைவரே தேவையில்லை, ஐபிபி எவ்ரிவேர் அல்லது ஏர்பிரிண்ட் என்ற டிரைவரில்லா அச்சு முறை இருந்தால் லினக்ஸ் தானாகப் பேசிக்கொள்ளும். சிக்கல் பழைய லேசர்களில்தான். நம்மூர் ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்க்கிற கேனன் எல்பிபி 2900 கேப்ட் என்ற தனி மொழி பேசுகிறது, அதற்கென்று தனி டிரைவர் போட்டே ஆகவேண்டும். எச்பியின் சில பழைய லேசர்ஜெட்களுக்கு எச்பிலிப் என்ற டிரைவர் தொகுப்பைப் போட்டால் மட்டும் போதாது, அதன் கூடுதல் பிளகினையும் இறக்க வேண்டும். இதில் எதுவும் ஒகுலார் கையில் இல்லை.

வைஃபை பிரிண்டர் என்றால் கதையே வேறு. கணினியும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், ஒன்று கெஸ்ட் வைஃபையில் மாட்டிக்கொண்டிருந்தால் ரவுட்டர் இரண்டையும் ஒன்றோடொன்று பேச விடாது. தேடுகிற வேலையை அவாஹி என்ற சேவை 5353 போர்ட்டில் செய்கிறது, ஃபயர்வால் அதை அடைத்திருந்தாலும் பட்டியல் காலிதான். ஐபி எண்ணைக் கையால் அடித்துச் சேர்த்த பிரிண்டர், ரவுட்டரை அணைத்துப் போட்டதும் வேறு எண்ணுக்கு மாறிவிடலாம். அப்போது பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும், பேப்பர் வராது. ரவுட்டரில் அந்த எண்ணை பிரிண்டருக்கென்றே ஒதுக்கிவைப்பது நிரந்தரத் தீர்வு. இன்னொன்று, 2024 செப்டம்பரில், நெட்வொர்க் பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் சேவையில் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தபோது பலர் அதை நிறுத்திவைத்தார்கள், சரியாகத்தான் செய்தார்கள். ஆனால் அது தானாக உருவாக்கிக்கொடுத்த வரிசைகளும் கூடவே போயின. அப்படி நிறுத்தியது நினைவிருந்தால், கப்ஸ் பக்கத்தில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதிக்குப் போய் பிரிண்டரை ஒரு தடவை கையால் சேர்த்துவிடுங்கள்.

பிரிண்டர் தெரியவில்லை என்று சொல்லி என்னிடம் வருவதில் சில, பிரிண்டர் சம்பந்தப்பட்டதே இல்லை. மெனுவில் பிரிண்ட் என்ற வரியே மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் அந்த ஃபைலைத் தயாரித்தவர் அச்சிட அனுமதி கொடுக்கவில்லை என்று பொருள். ஒகுலார் அமைப்புகளில் ஓபே டிஆர்எம் லிமிட்டேஷன்ஸ் என்று ஒரு டிக் இருக்கிறது, அது ஆன் ஆகியிருப்பதால் ஃபைலில் இருக்கிற தடையை மதிக்கிறது. வேறொரு ஃபைலைத் திறந்து பார்த்தாலே விளங்கிவிடும். பிரிண்டர் தெரிகிறது, கொடுத்தால் எதுவும் வரவில்லை என்றால் கப்ஸ் பக்கத்தில் அந்த வரிசை தற்காலிகமாக நிறுத்தப்பட்டு (Paused) நிற்கிறதா என்று பாருங்கள், நடுவில் பேப்பர் சிக்கியதில் நின்றுபோயிருக்கலாம், ரெஸ்யூம் கொடுத்தால் ஓடும்.

பிரிண்டர் கிடைத்துவிட்ட பிறகு ஒகுலார் நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்கேல் மோட் என்ற தேர்வில் அச்சிடக்கூடிய பரப்புக்குள் அடங்கும்படி வைத்தால் வில்லங்கச் சான்றின் ஓரக் கோடுகளோ ஹால் டிக்கெட்டின் பார்கோடோ வெட்டுப்படாது. பேப்பர் அளவு மட்டும் லெட்டராக இருக்கிறதா ஏ4-ஆக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ் ஃபைல்களுக்கு நான் மிகவும் நம்புவது பிடிஎஃப் ஆப்ஷன்ஸ் தாவலில் இருக்கும் ஃபோர்ஸ் ராஸ்டரைசேஷன். திரையில் ஒழுங்காகத் தெரிகிற தமிழ் பேப்பரில் கட்டம் கட்டமாகவோ கொம்பு இடம் மாறியோ வந்தால் அதை டிக் செய்யுங்கள். எழுத்துருவை பிரிண்டரிடம் விடாமல் பக்கத்தையே படமாக்கி அனுப்பும், திரையில் பார்த்ததுதான் பேப்பரில் வரும். கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்தின் கூர்மையும் துளி குறையும், ஆனால் வாசிக்கத் தடையிருக்காது.

குறை என்று நான் சொல்வது ஒன்றைத்தான். பிரிண்டர் கிடைக்காதபோது ஏன் கிடைக்கவில்லை என்று அந்தப் பெட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. "அச்சுச் சேவை ஓடவில்லை", "இந்த நிரலுக்கு அனுமதி இல்லை" என்று ஒரு வரி காட்டினால், டெர்மினல் பக்கமே போகாத ஒருவரும் சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்க முடியும். பெட்டி க்யூடியுடையது என்பது தெரியும், ஆனாலும் அதைத் தன் நிரலுக்குள் காட்டுவது ஒகுலார்தானே. அந்த ஒரு வரி வருகிறவரை ஐந்துக்கு நாலு தருவேன்.