அதிபராகப் பிறப்பு வேண்டுமா, குடியுரிமை போதுமா?

எது சரியென்று குழம்புபவர்களுக்காக அமெரிக்காவையும் இந்தியாவையும் அருகருகே வைக்கிறேன்.

தகுதி: அங்கே பிறப்பாலேயே குடிமகனாக இருக்க வேண்டும். இங்கே பிற்பாடு குடியுரிமை பெற்றவரும் குடியரசுத் தலைவராகலாம். வயது இரண்டிலும் 35.

தடை: ஆஸ்திரியாவில் பிறந்த நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்நேகர் கலிபோர்னியா ஆளுநரானார், அதிபராக முடியாது. இந்தியச் சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

அரசியல்: அமெரிக்க மாநிலமான ஹவாயில் பிறந்த ஒபாமாவே, அவர் அமெரிக்காவில் பிறக்கவில்லை என்ற புரளியால் 2011-இல் முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வேண்டிவந்தது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் பிறந்த கமலா ஹாரிஸ் 2020-இல் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது, இந்தத் தகுதிக் கேள்வி அவரையும் விடவில்லை. பெயரும் நிறமும்தான் அங்கே உறுத்தின என்பேன். சரி, இங்கே மட்டும்? சட்டம் தடுக்காதபோதும் 1999-இல் சோனியாவின் இத்தாலியப் பிறப்பைச் சொல்லியே காங்கிரஸ் உடைந்தது.

அந்நியத் தலையீட்டுக்கு அஞ்சும் இளம் நாட்டுக்கு முதல் விதி பொருந்தலாம். குடியேறியவர்களால் வளர்ந்த நாட்டுக்கு இரண்டாவதுதான் நியாயம்.