கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ்: வேலூர்க்காரர்களுக்கு உதவுமா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்குக் கூலிக் கணக்கு தெளிவு: ஆயிரம் பீடிக்கு இவ்வளவு. சர்வே வேலைக்கு இறங்குகிறவர்களும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஒன்றுக்கு எவ்வளவு, எந்த ரூபத்தில் வரும்?

கேள்விகளுக்குப் பதில் சொன்னால் சன்மானம் தரும் இந்தக் கூகுள் செயலி நேர்மையானது, முன்பணம் கேட்காது. ஆனால் ஆண்ட்ராய்டு போனில் கிடைப்பது ரொக்கமல்ல, பிளே ஸ்டோர் இருப்பு. அதை வங்கிக்கு மாற்ற முடியாது, இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. காசு கொடுத்து வாங்கும் செயலி, மின்னூல், விளையாட்டு, இவற்றுக்கு ஆகும். மளிகைச் செலவுக்கு ஆகாது.

18 வயது நிரம்பியிருக்க வேண்டும். நிறுவும்போது எந்தக் கூகுள் கணக்கைத் தேர்கிறீர்களோ, இருப்பு அதில்தான் சேரும். வீட்டில் ஒரே போனில் இரண்டு மூன்று பேர் கணக்கு இருந்தால் இங்கேதான் குழப்பம் வரும், பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

லொகேஷனை அணைத்து வைத்தால் சர்வே குறையும். லாங் பஜாருக்குப் போய் வந்தால், அண்மையில் எந்தக் கடைக்குப் போனீர்கள் என்று ஒரு பட்டியல் வரும். கவனம் தேவைப்படுவது இதில்தான். கிரீன் சர்க்கிள் நெரிசலில் பஸ் பத்து நிமிடம் நின்றாலே, பக்கத்துக் கடைக்குள் போனதாகப் போன் நினைத்துக்கொள்ளலாம். உள்ளே போகவில்லை என்றால் 'எதுவுமில்லை' என்பதைத் தொடுங்கள். போகாத இடத்தைப் போனதாகச் சொன்னால், பதில் நம்பத்தக்கதல்ல என்று சர்வே வரத்தே குறைந்துவிடும். உண்மையைச் சொல்லி ஒன்றும் கிடைக்காமல் முடியும் சர்வேயும் உண்டு. அது தண்டனையல்ல, அவர்கள் தேடிய ஆள் நீங்கள் இல்லை, அவ்வளவுதான்.

புள்ளி சேர்த்துத் தரும் மற்றத் தளங்களில் இது இன்னும் வலிக்கும். வயது, பாலினம், வருமானம் வாரியாக இத்தனை பேர் என்று ஒதுக்கீடு உண்டு. அது நிரம்பிவிட்டால் பத்து நிமிடம் பதில் சொன்ன பிறகும் வெளியே தள்ளிவிடும். விவரங்களும் முரண்படக் கூடாது. 2019-இல் மாவட்டம் பிரிந்ததால் ஆற்காட்டுக்காரர் ஒரு இடத்தில் வேலூர், இன்னொரு இடத்தில் ராணிப்பேட்டை என்று போடுவது எளிதில் நடக்கும் பிழை.

டெலிகிராமில் 'ரிவ்யூ போட்டால் பணம்' என்று தொடங்கி, பிறகு டெபாசிட் கேட்பது சர்வே அல்ல, திருட்டு. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

செல்போனில் காசு கட்டிச் செயலி வாங்கும் பழக்கமுள்ளவருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. வருமானம் தேடுகிறவருக்கு ஒன்று. சேர்ந்த இருப்பு ஓராண்டில் காலாவதியாகும், அதற்குள் செலவழித்துவிடுங்கள்.