“கொஞ்சம் சூடான குதிரை” என்று தரகர் சொன்னால் காலைப் பாருங்கள்

மார்வாரி இனக் கலப்புக் குதிரை, ஏழு வயது, சவாரிக்குப் பழகியது, “கொஞ்சம் சூடு, அவ்வளவுதான்”. தரகர் சொன்னது இது; சூடு என்றால் முரண்டு பிடிக்கும் குணம். காட்டிய அன்று ஜம்மென்று போனது. லாயத்துக்கு வந்த மூன்றாம் நாள் இடது முன்னங்காலை ஒரு சாண் முன்னே நீட்டி வைத்து நின்றது. ஐந்தாம் நாள் டிராட்டில் (மெல்லோட்டத்தில்) தலை ஆடியது. எக்ஸ்ரேயில் குளம்புக்குள் இருக்கும் நாவிகுலர் எலும்பில் பழைய சேதம். கையில் காகிதம் எதுவும் இல்லை. தரகர் போனையும் எடுப்பதில்லை. அடுத்தவர் மாட்டக்கூடாது என்பதற்காக, மறைத்த விதத்தை மட்டும் எழுதுகிறோம்.

முதலாவது மருந்து. ஃபினைல்பியூட்டசோன், ஃப்ளூனிக்சின், மெலாக்சிகாம் எல்லாமே வலியை அமுக்கும். நாலைந்து நாள் தொடர்ந்து கொடுத்துவிட்டு நிறுத்தினாலும் ஓரிரு நாளைக்கு நொண்டல் தலைகாட்டாது. குதிகால் நரம்பில் மரப்பு ஊசி போட்டால் ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். விற்பவருக்கு அது போதும். சிலர் அந்த நரம்பையே வெட்டிவிடுவதும் உண்டு. குளம்புக்கு மேலே, பின்பக்கம் இரு ஓரமும் முடியை ஒதுக்கிப் பார்த்தால் சின்னத் தழும்பு தெரியும். குதிகால் சதையில் பேனா முனையால் அழுத்துங்கள். உணர்ச்சி உள்ள குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும்.

இரண்டாவது, சூடேற்றிக் காட்டுவது. மூட்டுத் தேய்மானம் உள்ள குதிரை காலையில் விறைப்பாக இருக்கும், அரை மணி ஓடினால் இளகிவிடும். நீங்கள் போகும்போதே சேணத்தடியில் வியர்வை இருந்தால் அன்று பார்க்காதீர்கள். இன்னொரு நாள், சொல்லாமல், விடிந்ததும் போங்கள். கட்டுத்தறியிலிருந்து வெளியே வரும் முதல் பத்து அடியைப் பாருங்கள்.

மூன்றாவதுதான் நம் பக்கத்துச் சந்தைகளில் அதிகம்: ரவால் என்ற, நான்கு காலும் தனித்தனியாக விழும் வேக நடையில் மட்டும் காட்டுவது. டிராட்டில் குறுக்குக் கால்கள் ஜோடியாக விழும், இரண்டே தாளம். அதனால் ஒரு கால் பிசகினாலும் கண்ணில் படும். ரவாலில் அந்த ஜோடி கிடையாது. போதாததற்குக் கடிவாளத்தை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். தலை ஆட வழியே இல்லாதபோது நொண்டல் எப்படித் தெரியும்? பார்க்க ராஜநடைதான்.

ஆகவே சேணம் இல்லாமல், தலைக்கயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கெட்டியான சமதரையில் முப்பது மீட்டர் நேராக டிராட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்கால் நொண்டலில், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். பின்னங்காலைப் பார்க்க, குதிரைக்குப் பின்னால் நின்று இடுப்பெலும்பின் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாக ஏறி இறங்கினால் அந்தக் கால்தான். பின்னங்கால் வலியிலும் தலை ஆடலாம், அப்போது அதே பக்கத்து முன்னங்கால் நொண்டுவதுபோல் ஏமாற்றும். போனில் ஸ்லோ மோஷனில் எடுத்து வந்து வீட்டில் பத்துத் தடவை போட்டுப் பாருங்கள். தார் ரோடாக இருந்தால் கண்ணை மூடிக் கேளுங்கள். நான்கு காலிலும் லாடம் இருந்தால் சத்தம் ஒரே சீராக விழ வேண்டும். வலிக்கும் கால் மெல்ல விழும்.

இரண்டு முன்னங்காலிலும் வலி இருந்தால் தலை ஆடாது. எடுத்து வைக்கும் அடி குட்டையாகும், தோள் இறுகும், அவ்வளவுதான். அந்தக் குதிரையைப் பத்து மீட்டர் வட்டத்தில் இரு பக்கமும் சுற்றவிட்டால் பெரும்பாலும் உள்பக்கக் கால் காட்டிக்கொடுத்துவிடும். நல்ல காலின் லாடத்தடியில் சின்னக் கல்லைச் செருகி இரண்டு காலையும் சமமாக நொண்ட வைப்பது குதிரை வியாபாரத்தில் பழைய வித்தை. லாடம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இனி அந்த “சூடு”. ஆள் ஏறாதபோது நன்றாக ஓடி, ஏறினால் மட்டும் வலியைக் காட்டும் குதிரைகள் நிறைய. இங்கிலாந்தின் குதிரை எலும்பு மருத்துவர் சூ டைசனும் அவருடன் வேலை செய்தவர்களும் 2018-இல் 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். அதில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு, தசை வலியைச் சந்தேகிக்க வேண்டும். காது ஐந்து விநாடிக்கு மேல் பின்னால் மடங்கியிருப்பது, வாய் பத்து விநாடி திறந்தே இருப்பது, நாக்கு வெளியே வருவது, கண்ணின் வெள்ளை அடிக்கடி தெரிவது, கடிவாளக் கம்பி ஒரு பக்கமாக இழுபடுவது, வாலைப் பெரிதாக வீசுவது, டிராட்டில் 15 விநாடிக்கு 40 அடிக்கு மேல் அவசரப்படுவது, கேன்டரில் (டிராட்டைவிட வேகமான தாவு ஓட்டத்தில்) கால் மாறிக்கொண்டே இருப்பது, பின்குளம்பு நுனி தரையைத் தேய்ப்பது. எம்புவதும் உதைப்பதும் பட்டியலில் உண்டு, ஆனால் எல்லாக் குதிரையும் அந்த அளவுக்குப் போகாது. வலிக்கிற இடத்தை மரக்கவைத்தால் இந்த எண்ணிக்கை சட்டென்று குறைவதையும் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அது திமிர் இல்லை. அடி எண்ணிக்கையை ரவாலுக்குப் பொருத்தாதீர்கள், டிராட்டுக்கு மட்டும்.

பட்டியலில் எட்டு தெரிந்துவிட்டது என்பதற்காகக் காலில்தான் கோளாறு என்றும் முடிவு கட்டாதீர்கள். சேணம் இறக்கியதும் முதுகைப் பாருங்கள்: வியர்வைக்கு நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு, தோள்மேட்டில் வெள்ளை முடி இரண்டும் பொருந்தாத சேணத்தின் அடையாளம். பல் கூர்மையும் வாயைத் திறக்க வைக்கும்.

குளம்புக்கு மேலே உள்ள மூட்டுக்குப் பின்னால் இரு ஓரமும் இரண்டு விரலை லேசாக வையுங்கள். நாடி தேடிப் பிடிக்கும்படி மெல்லியதாக இருப்பதே நல்லது. விரலைத் தட்டும் அளவுக்குத் துடித்தால், அதுவும் ஒரு காலில் மட்டும் என்றால், குளம்புக்குள் அழற்சி. மடக்கிப் பார்க்கும் சோதனையை டாக்டரிடம் விடுங்கள்; காலை ஒரு நிமிடம் மடக்கி வைத்து விட்டதும் ஓட்டினால், நல்ல குதிரைகூட ஓரிரு அடி பிசகும்.

பணம் கொடுக்கும் அன்றே உங்கள் டாக்டரை விட்டு ரத்தம் எடுத்து, சீரத்தை உறைநிலையில் வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்தார்களா என்ற பரிசோதனைக்கு உடனே அனுப்ப வேண்டியதில்லை, நொண்டினால் அனுப்பலாம். விற்பவர் கையெழுத்தோடு “எந்த வலி மருந்தும் கொடுக்கவில்லை” என்று ஒரு வரி, மீதித் தொகை பத்து நாள் கழித்து என்று இன்னொரு வரி. எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு முன்னங்காலையும் எடுங்கள், ஒன்றை மட்டும் பார்த்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. ரத்தம் என்றதும் “இந்த ரேட்டுக்கு வேறு ஆள் நிற்கிறான்” என்பார்கள். நிற்கட்டும்.